சும்மா இருப்பதற்கு மானியம்

உழுதால் பணம், விதைத்தால் பணம், விளைந்ததை விற்றால் பணம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஒன்றுமே செய்யாமல் இருந்தால் பணம் என்று அரசாங்கம் சொன்னபோது ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை, மீதிப் பேர் சிரித்தார்கள். டீக்கடையில் ஒருவர், "அப்படின்னா என் மூத்த பையனுக்கு இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து பாக்கி வரணுமே" என்றார். ஆனால் திட்டம் உண்மைதான். வருஷம் தவறாமல் மக்காச்சோளத்தையே போட்டு மண்ணை உறிஞ்சிவிட்டீர்கள், கொஞ்ச காலம் நிலத்தைத் தரிசாக விடுங்கள், புல்லும் பூண்டும் அது பாட்டுக்கு முளைக்கட்டும், வந்திருக்க வேண்டிய வருமானத்தில் ஒரு பங்கை நாங்கள் தருகிறோம் என்றது விவசாய அலுவலகம். அதற்குப் பெயர் தரிசு மானியம். விருப்பம் உள்ளவர்கள் சேரலாம், இல்லாதவர்கள் வழக்கம் போல உழுதுகொள்ளலாம்.

இதில் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் எறும்பின் மனைவி தன் புருஷனிடம் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

எறும்பு என்பது ஊர் அவருக்கு வைத்த பெயர். அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. கல்யாண வீட்டுக்கு விருந்தாளியாகப் போனாலும் சாப்பிட்ட கையோடு நாற்காலிகளை மடக்கி அடுக்க ஆரம்பித்துவிடுவார். மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் ஒரே ஒரு தடவை சினிமாவுக்குப் போனார். இடைவேளையில் வெளியே போனவர் திரும்பி வரவில்லை. தியேட்டர்காரருக்கு சைக்கிள் நிறுத்துமிடத்தின் வேலியைச் சரிபண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் பாட்டுக்குப் படத்தை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் போன அறுவடையின்போது வரப்பில் குப்புற விழுந்தார். மதியச் சாப்பாடு கொண்டுபோன அவள்தான் முதலில் பார்த்தாள். ஆஸ்பத்திரி, ஆபரேஷன், நெஞ்சில் நீளமாக ஒரு தையல். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "ஒரு வருஷம் மண்வெட்டி, டிராக்டர் எதையும் தொடக்கூடாது. நடங்க, சாப்பிடுங்க, தூங்குங்க. மறுபடி வயல்ல போய் விழுந்தீங்கன்னா தூக்கிட்டு வந்து பிரயோஜனம் இல்ல." எறும்பு நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார். அவள் கீழே மருந்துக்குப் பணம் கட்டிவிட்டுத் திரும்பியபோது அவர் படுக்கையில் சாய்ந்தபடி விதைக்கடைக்காரரிடம் போனில் விலை பேசிக்கொண்டிருந்தார்.

அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இவர் டாக்டர் பேச்சைக் கேட்கமாட்டார். "அந்த ஆளுக்கு ஊசி போடத் தெரியும், உழவு தெரியுமா?" என்பார். டவுனில் கட்டிக்கொடுத்த மகள் பேச்சையும் கேட்கமாட்டார். பெண்டாட்டி பேச்சு இருக்கவே இருக்கிறது, அதை எந்தக் காலத்தில் கேட்டார்? ஆனால் அரசாங்கத்துக்கு மட்டும் பயப்படுவார். தண்ணீர் வரியை நோட்டீஸ் வருவதற்கு முன்பே போய்க் கட்டுகிற ஒரே ஆள் அவர்தான். ஈ காக்கை இல்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றி நிற்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் அவளுக்கு எரிச்சலாக வரும். அந்த எரிச்சலை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த யோசனையே வந்தது.

பல்வலி என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறினாள். நேராக விவசாய அலுவலகம். நிலம் அவள் அப்பா அவளுக்கு எழுதிக்கொடுத்தது, அவள் பெயரில்தான் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவர்தான் அதில் பாடுபடுகிறார் என்பதால் அந்த விஷயம் இருவருக்குமே மறந்துபோயிருந்தது. அலுவலகத்தில் இருந்தவர், "வீட்டுக்காரருக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார். "நிலம் என் பேர்லதானே இருக்கு?" என்றாள். அந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். வந்தவள் ஒரு வாரம் வரைக்கும் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டாள்.

அவரிடம் இப்படித்தான் சொன்னாள்: "அரசாங்கத்துலேந்து ஒரு உத்தரவு வந்திருக்காம். மண்ணு கெட்டுப்போச்சுன்னு கொஞ்சம் நிலத்தை எல்லாம் ஒரு வருஷம் தரிசா விடச் சொல்றாங்களாம். நம்ம நிலமும் அதுல வந்திருக்கு. பணம் குடுப்பாங்களாம். ஆனா உழவே கூடாதாம்."

"பக்கத்து நிலத்துக்காரன் உழுதுட்டுத்தானே இருக்கான்?"

"குலுக்கல்ல நம்ம பேருதான் விழுந்துச்சாம்."

எறும்பு மூலையில் சாய்த்திருந்த மண்வெட்டியைப் பார்த்தார். பிறகு, "அரசாங்கமே சொல்லிடுச்சுன்னா என்ன பண்றது" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. குலுக்கலில் தன் வீட்டுப் பெயர் விழுந்ததில் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. அவள் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நிம்மதியில் வந்த அழுகைதான்.

அப்புறம் வந்த மாசங்களில் வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நாற்காலிகளின் ஆட்டம் நின்றது. ஜன்னல்களுக்குப் புதுக் கொக்கி வந்தது. கதவுகளின் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார், வீட்டில் ஒரு கதவும் கிறீச்சிடவில்லை. செய்ய ஒன்றும் இல்லாமல் போனதும் அடுப்படிக்குள் புகுந்து டப்பாக்களையெல்லாம் உயர வரிசைப்படி அடுக்கிவைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, உப்பு எங்கே என்றுதான் தெரியவில்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உப்பு கிடைக்காவிட்டால் என்ன, மனுஷன் கண் முன்னால் இருக்கிறாரே. போகப்போக அவரும் அடங்கினார். காலையில் டாக்டர் சொன்னபடி நடந்துவிட்டு வருவார், சாப்பிடுவார், மத்தியானம் கண்ணயர்வார். கன்னத்தில் சதை விழுந்தது. மகள் போன் பண்ணும்போதெல்லாம் அவள், "உங்கப்பா ஆளே மாறிட்டாருடி" என்றாள். பொய்யாகவே இருந்தாலும் நல்ல பொய்தான் சொல்லியிருக்கிறோம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

வயல் பக்கம் அவள் தலைவைத்தும் படுக்கவில்லை. தான் போனால் அவரும் பின்னாலேயே வந்துவிடுவார் என்று பயம். அதுதான் அவள் செய்த தப்பு.

மானியத்தின் முதல் தவணை பாங்குக்கு வந்தது. ஒழுகுகிற கூரையை அதில் சரிபண்ணலாம் என்று அவள் சொன்னாள். எறும்பு முகத்தைச் சுளித்தார். "உழைக்காம வந்த காசு. இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அப்புறம் அலுவலகத்திலிருந்து ஒரு நாள் போன் வந்தது. பேசியது ஒரு பெண் ஆய்வாளர். வானத்திலிருந்து எடுத்த படத்தில் திட்டத்தில் சேர்ந்த நிலமெல்லாம் பச்சையாகத் தெரிகிறதாம், உங்கள் நிலம் மட்டும் வெறும் மண்ணாகத் தெரிகிறது, உழுதுவிட்டீர்களா, நாளைக்கு நேரில் வந்து பார்க்கிறேன் என்றார்.

"யாரும் உழலையேம்மா. அந்தப் படம் எடுக்கிற மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும்" என்றாள் அவள்.

நிலத்தைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அந்தப் பெண்ணின் வாயைப் பற்றித்தான் கவலை. வருகிறவர் பேச்சுவாக்கில், நீங்கள் விரும்பித்தானே சேர்ந்தீர்கள், வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாமே என்று ஒரு வார்த்தை விட்டால் போதும். மறுநாள் காலையில் எறும்பு ஏர் ஓட்டிக்கொண்டிருப்பார். அப்புறம் எந்த நாளில், எந்த வரப்பில் விழப்போகிறார் என்பது மட்டும்தான் பாக்கி.

"மகளைப் பாத்து ரொம்ப நாளாச்சு. நாளைக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்களேன்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கே! அரசாங்கத்துலேந்து ஆள் வர்றாங்க, நான் ஊர்ல இல்லைன்னா என்ன நினைப்பாங்க?" என்றார் எறும்பு. மறுநாள் காலையிலேயே முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். முகத்தில் ஒரு களை. பரீட்சை நன்றாக எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி இருந்தது.

ஆய்வாளர் ஸ்கூட்டரில் வந்தார். முப்பது, முப்பத்தைந்து வயசிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்ததும் மடியில் ஒரு டேப்லெட்டை எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஐயா, நீங்க விண்ணப்பம் போட்டப்ப..."

"டீ குடிங்கம்மா, டீ!" என்று குறுக்கே புகுந்தாள் அவள்.

டீ வந்தது. ஆய்வாளர் ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். "இந்தத் திட்டத்துல சேர்றது வந்து..."

"சர்க்கரை போதுமா? இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"போதும்மா. நான் என்ன சொல்ல வந்தேன்னா, உங்க விருப்பப்படி..."

"இன்னொரு டம்ளர் ஊத்தறேன். வெயில்ல வந்திருக்கீங்க."

அந்தப் பெண் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் இரண்டாவது டம்ளரும் நிறைந்தது. எறும்பு மனைவியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்தவர்களை இவள் இப்படித் திணறடித்து அவர் பார்த்ததில்லை. "விடு, அவங்க வேலையைப் பாக்கட்டும். மேடம், வாங்க, முதல்ல நிலத்தைப் பாத்துடுங்க" என்று எழுந்தார். அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பின்னால் ஓடினாள்.

மழைக்கு அப்புறம் சுற்றுவட்டாரம் பூராவும் பச்சை. ரோட்டோரம், வாய்க்கால் கரை, வரப்பு என்று இண்டு இடுக்கெல்லாம் புல் மண்டிக் கிடந்தது. அவர்கள் நிலம் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. ஒரு புல் இல்லை, ஒரு பூண்டு இல்லை. பிடுங்கிய களைகளெல்லாம் ஓரத்தில் வேர் மேலே தெரிய வரிசையாகக் குவிந்து காய்ந்திருந்தன. அவள் வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

எறும்பு நிலத்தின் நடுவே போய் நின்று கையை விரித்தார். "தேடிப் பாருங்க மேடம். ஒரே ஒரு களையைக் காட்டிட்டா நான் ஒத்துக்கறேன்."

ஆய்வாளர் காட்டவில்லை. ஓரத்துக் குவியலைத்தான் பார்த்தார். "யாரு ஐயா இதையெல்லாம் பிடுங்கினது?"

"நான்தான். கையாலதான் மேடம், மண்வெட்டியைத் தொடல. டாக்டர் தொடக்கூடாதுன்னுட்டாரு. தினம் விடியக்காலைல வந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்தேன். உழவேயில்ல. உழக்கூடாதுன்னுதானே உத்தரவு? அரசாங்கம் எடுத்துக்கிட்ட நிலம். நாளைக்கு ஒருத்தர் வந்து பாக்கறப்ப புதர் மண்டிக் கிடந்துச்சுன்னா யாருக்குக் கெட்ட பேரு? எங்களுக்குத்தானே?"

உழவனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள். சோம்பேறியாக இருந்திருந்தால் மானியம் பத்திரமாக இருந்திருக்கும்.

"எடுத்துக்கிட்ட நிலமா? யாரும் எடுத்துக்கலையே ஐயா" என்றார் ஆய்வாளர். "இது உங்க நிலம்தான். அம்மா பேர்லதானே இருக்கு, அவங்கதான் விண்ணப்பம் போட்டாங்க. விருப்பம் இருந்தா சேரலாம், இல்லைன்னா..."

அவள் வாயைத் திறந்தாள். ஆனால் வயல் நடுவே டீக்கு எங்கே போவது? ஆய்வாளர் கடைசிவரைக்கும் சொல்லி முடித்தார். உத்தரவு எதுவும் கிடையாது. குலுக்கலும் கிடையாது. களை தானாக முளைத்து மண்ணை மூடவேண்டும் என்பதுதான் திட்டமே. இப்போது இரண்டு வழி இருக்கிறது. வேண்டாமென்றால் முதல் தவணையைத் திருப்பிக் கட்டிவிட்டு விலகிக்கொள்ளலாம், நாளைக்கே உழலாம். இல்லை, தெரியாமல் களை எடுத்துவிட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடலாம். அடுத்த மழைக்குப் பிறகு அவர் திரும்ப வந்து பார்ப்பார், பச்சை வந்திருந்தால் திட்டம் தொடரும்.

அந்தப் பெண்ணுக்கு விவரம் இருந்தது. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் நாலு மூலையையும் போட்டோ எடுத்துட்டு வரேன். நீங்க பேசிட்டுச் சொல்லுங்க" என்று நகர்ந்துவிட்டார்.

எறும்பு மெதுவாக வந்து வரப்பில் உட்கார்ந்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"பல்வலி?" என்றார்.

"பல்லுக்கு ஒண்ணும் இல்ல."

"ஒரு வாரம் ஒரு பக்கமா மென்னுக்கிட்டு இருந்தியே."

"பொய் சொன்னா முழுசாச் சொல்ல வேண்டாமா?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார். இப்போது சிரிக்கவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பீங்க?"

"முடியாதுன்னு சொல்லிருப்பேன்."

"அதுக்குத்தான் கேக்கல."

எறும்பு குனிந்து மண்ணைப் பார்த்தார். "கல்யாணமான நாள்லேந்து இது உன் நிலம்னு நீ ஒரு நாள்கூட சொன்னதில்ல. சண்டை போட்டப்பகூட சொன்னதில்ல. நம்ம நிலம்னுதான் சொல்லுவே. நான் ஆஸ்பத்திரில கிடந்து வந்த அப்புறம் போய்ச் சொல்லிட்டு வந்திருக்க, என்ன? அதுவும் யார்கிட்டயோ."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்று அவள் யோசித்ததே இல்லை. அவரைக் காப்பாற்றுகிறோம் என்று மட்டும்தான் நினைத்தாள். அவர் காலுக்கடியில் இருந்த மண்ணை உருவியிருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது. உறைத்தாலும் கோபமும் கூடவே வந்தது.

"ஆமா, சொன்னேன். பொய்யும் சொன்னேன். அன்னிக்கு இதே வரப்புல உங்களைப் புரட்டிப் போட்டப்ப உங்க வாய் பூரா மண்ணு. என் விரலை விட்டுத் தோண்டித்தான் எடுத்தேன். மூச்சு இருக்கா இல்லையான்னு தெரியல. இந்த வயல்ல ஒரு ஆள் இல்ல. நான் கத்தின கத்து எனக்கே கேக்குது, வேற யாருக்கும் கேக்கல. அந்தச் சோத்துத் தூக்கை இன்னிவரைக்கும் நான் கையால தொடல, தெரியுமா உங்களுக்கு? உங்களைப் பறிகுடுத்துட்டு நான் எப்படி இருப்பேன்? எனக்கு பயங்க. அவ்வளவுதான். பயத்துல பண்ணேன்."

சொல்லி முடித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். தூரத்தில் ஆய்வாளர் மூன்றாவது மூலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு அவசரமே இல்லை போலிருந்தது, அல்லது வேண்டுமென்றேதான் மெதுவாக நடந்தாரோ என்னவோ.

"சரி" என்றாள் அவள். "இப்ப நீங்க சொல்லுங்க. விலகணும்னா விலகிடலாம். நீங்க என்ன சொல்றீங்களோ அதுல நான் கையெழுத்துப் போடறேன். இனிமே உங்களுக்குத் தெரியாம ஒண்ணும் பண்ணமாட்டேன்."

அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும். இத்தனை மாசமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்தாகிவிட்டது. அவர் உழுகிறேன் என்றால் உழவேண்டியதுதான். பின்னாலேயே நிழலாக அலைவதைத் தவிர அவளால் வேறு ஒன்றும் செய்ய முடியாது.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். கோவிச்சுக்காம சொல்லுங்க" என்றாள். "உயிரைக் குடுத்தாவது புல்லு பிடுங்கற அளவுக்கு அப்படி என்னங்க ஆசை இந்த மண்ணு மேல?"

"ஆசையா?" என்றார் எறும்பு. மூச்சை இழுத்து விட்டார். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் தடுமாறுவது தெரிந்தது. பிறகு அவளைப் பார்க்காமல், காய்ந்த களைக் குவியலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "படுத்தா நெஞ்சு அடிக்கிற சத்தம் காதுல கேக்குது. பகல்ல தெரியல. விடியக்காலைல முழிப்பு வந்துடும். வந்துச்சுன்னா அது ஒண்ணுதான் கேக்கும். ஒரு அடி அடிக்கும். அடுத்தது வருமா வராதான்னு கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். வரும். அதுக்கு அடுத்ததுக்குக் காத்துக்கிட்டிருக்கணும். பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்கும். எழுந்து இங்க வந்து குனிஞ்சுட்டா கேக்காது. கைல புல்லு இருந்தா கேக்காது."

அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பிடிவாதம் என்று நினைத்திருந்தாள். வீம்பு என்று நினைத்திருந்தாள். இத்தனை வருஷம் கூட இருந்தும் இந்த மனுஷனுக்குப் பயம் என்று ஒன்று வரும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"என்னை எழுப்ப வேண்டியதுதானே?"

"ஆஸ்பத்திரிலேந்து வந்த அப்புறம் நீ எங்க தூங்கினே? நான் திரும்பிப் படுத்தாகூட முழிச்சுப் பாத்துக்கிட்டிருந்தே. உத்தரவு வந்துச்சுன்னு சொன்னியே, அன்னியிலேந்துதான் நல்லா தூங்கறே. வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கறே. உன்னைப் போய் எப்படி எழுப்பறது? கதவுக்கெல்லாம் எண்ணெய் போட்டதே உனக்கு முழிப்பு வந்துடக்கூடாதுன்னுதான்."

அவளுக்கு அழுகையாக வந்தது. அவரைப் பூட்டிவைத்துவிட்ட நிம்மதியில் அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பக்கத்திலேயே அவர் ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறார். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் களை பிடுங்கிப் பிடுங்கிக் காய்த்துப் போயிருந்தது. தினம் சாப்பாடு போட்டும் இது கண்ணில் படவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆய்வாளர் நான்காவது மூலையிலிருந்து வருவதைப் பார்த்ததும் கையை விட்டாள். அவர் வந்து நின்று, "என்ன முடிவு பண்ணீங்க? விலகிக்கறீங்களா?" என்று கேட்டார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். எறும்பு நிலத்தை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார். இவ்வளவு சுத்தமாக ஒரு நிலத்தை அந்த வட்டாரத்தில் யாரும் வைத்ததில்லை. அதில் ஒரு சந்தேகமும் வேண்டாம்.

"தொடரட்டும் மேடம்" என்றார். "புல்லு தானா வந்துடும். நான் வராம இருந்தா போதும்."

அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. ஆய்வாளர் டேப்லெட்டில் எதையோ தட்டினார். "காரணம் எழுதணும் ஐயா. ஏன் களை எடுத்தீங்கன்னு போடறது?"

எறும்பு சங்கடமாக மனைவியைப் பார்த்தார். வரப்பில் உட்கார்ந்து சொன்னதை இன்னொருத்தர் முன்னால் சொல்ல அவரால் முடியாது என்று அவளுக்குப் புரிந்தது.

"பழக்க தோஷம்னு போட்டுக்கோங்கம்மா" என்றாள்.

ஆய்வாளர் சிரித்தபடி அதையே எழுதினார். டேப்லெட் திரையில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் போடுவதற்கு முன்னால், "இங்க அவரும் போடலாமாம்மா?" என்று கேட்டாள். சட்டப்படி தேவையில்லை என்றார் அந்தப் பெண். "போட்டா தப்பா?" என்றாள். தப்பில்லை என்றார். எறும்பு சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு அவள் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

அன்றைக்கு மத்தியானம் அவர் தூங்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போதும் பெரிதாகப் பேசவில்லை. கோபம் முழுசாக ஆறவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆற வேண்டிய கோபம்தான், நாள் பிடிக்கும் என்று விட்டுவிட்டாள். கூரைக்கு ஆள் சொல்லலாம் என்று மட்டும் அவராகவே சொன்னார். தவணைப் பணத்தைத் தொடச் சம்மதித்துவிட்டார் என்று அவள் அதை எடுத்துக்கொண்டாள்.

விடியக்காலையில் அவளுக்கு விழிப்பு வந்தது. ஜன்னலில் இன்னும் வெளிச்சம் வரவில்லை, ஆனால் இருட்டு வெளுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் மல்லாந்து படுத்திருந்தார். தூங்குகிற மூச்சு இல்லை அது. அவள் அசையாமல் இருந்தாள். அவராக எழுப்பட்டும், நாமாக முந்திக்கொள்ளக் கூடாது என்று நினைத்தாள். எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. எழுந்து போய்விடுவாரோ என்றுகூட ஒரு தடவை தோன்றியது. அப்புறம் அவள் தோளில் ஒரு கை பட்டது. பழக்கமில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி அவ்வளவு கூச்சத்தோடு பட்டது.

"முழிச்சிருக்கியா?"

"ம்."

"கேக்குது."

அவள் நகர்ந்து வந்து, தையல் தழும்புக்குப் பக்கத்தில், அவர் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. நிதானமாக, ஆழத்தில் யாரோ வேலை செய்துகொண்டிருப்பது போலக் கேட்டது.

"கேக்குதா?" என்றார்.

"கேக்குது."

"அடுத்தது வந்துச்சா?"

"வந்துச்சு."

"அதுக்கு அடுத்தது?"

"அதுவும் வந்துச்சு. நீங்க தூங்குங்க. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."